பரணில் கிடக்கும் இத்தாலித் துப்பாக்கி என்ன விலை போகும்?

அகளி:

சட்டசபைத் தேர்தலோ, பாராளுமன்றத் தேர்தலோ, தேதி அறிவிப்பு வந்துவிட்டால் போதும். காட்டுப் பன்றியை விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் அட்டப்பாடி விவசாயிகளுக்கு ஒரு வேலை வந்து சேரும். பொதுவாகத் தேர்தல் முடியும்வரை துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரியான துப்பாக்கிகள் பத்து வந்து அடுக்கப்பட்டாலும், யாருடையது எது என்பதை அதில் பொறித்திருக்கும் நம்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இதில் கவலையில்லை. காகிதம் ஒன்றுமில்லாமல் பரணில் ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கி கிடந்தால்தான் தலைவலி. "தாத்தா யுத்தத்திலிருந்து கொண்டுவந்தது" என்று வீட்டில் சொல்வார்கள். "சீமைச் சாமான், லட்சக்கணக்கில் போகும்" என்று டீக்கடையில் ஒருவர் விலையும் போட்டுவிடுவார். விலை சொல்கிறவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. அதை நம்பி, விற்க ஆள் தேடுகிற குடும்பத்துக்குத்தான் ஆபத்து.

அதிலும் இத்தாலித் துப்பாக்கி என்றால் பலருக்கும் அது என்னவென்றே தெரியாது. நம் பட்டாளத்துக்கும் இத்தாலிக்கும் சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியப் படையின் 4வது, 5வது டிவிஷன்கள் ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் இத்தாலியரோடு மோதின. கடும் சண்டைக்குப் பிறகு 1941 மார்ச் 27ந் தேதி கெரன் என்ற மலைக்கோட்டை ஊர் வீழ்ந்தது. தமிழர்கள் நிறைந்த மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் அந்தப் படையெடுப்பில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான இத்தாலியக் கைதிகள் கப்பலில் இந்தியாவுக்கு வந்தனர். பெங்களூரில்கூட அவர்களுக்கு முகாம் இருந்தது. பிடிபட்ட ஆயுதங்களில் சில பல கை மாறி இங்கேயும் வந்து சேர்ந்தன. 1948 ஜனவரி 30ந் தேதி காந்தியடிகளின் உயிரைப் பறித்ததும் ஓர் இத்தாலியக் கைத்துப்பாக்கியே. பெரெட்டா கம்பெனியில் செய்தது. நம்பர் 606824. கொலைக்கு இரண்டு நாள் முன்பு குவாலியரில் அது கோட்சேயின் கைக்கு வந்தது.

போலீசாரே ஏமாந்தனர்

பார்த்த மாத்திரத்தில் துப்பாக்கியின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலை வழக்கைக் கவனிக்க வேண்டும். 1963 நவம்பர் 22ந் தேதி டல்லாஸ் நகரில், ஒரு புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில், பெட்டிகளுக்கிடையே ஒரு துப்பாக்கி அகப்பட்டது. முதலில் பார்த்த அதிகாரிகளில் ஒருவர் அதை 7.65 மில்லிமீட்டர் ஜெர்மன் மௌசர் என்றார். மறுநாள் வாக்குமூலத்திலும் அப்படியே எழுதிக்கொடுத்தார். ஆனால் அது 6.5 மில்லிமீட்டர் இத்தாலித் துப்பாக்கி! இந்த ஒரு தவறை வைத்துக்கொண்டு, "துப்பாக்கியையே மாற்றிவிட்டார்கள்" என்று இன்றுவரை வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த அதிகாரியையும் அதிகம் குறை சொல்வதற்கில்லை. இரண்டுமே கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா ஏற்றும் பட்டாளத் துப்பாக்கிகள். தூர நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். அருகில் போய்ப் பொறிப்பைப் படித்த நிபுணர்கள் விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். 'டெர்னி', '1940', 'மேட் இட்டலி', 'கேல் 6.5' என்ற எழுத்துக்களோடு சி2766 என்ற நம்பரும் அதில் இருந்தது.

இரும்பில் எழுதிய ஜாதகம்

இந்த ரகத்தின் பெயர் கார்கானோ. டூரின் நகர ஆயுதசாலையில் இருந்த கார்கானோ என்பவர் வடிவமைத்தது. 1891ல் இத்தாலிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. ஆறு தோட்டாக்களை ஒரு தகரப் பிடியில் செருகி, பிடியோடு சேர்த்து மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். தோட்டா தீர்ந்ததும் வெறும் பிடி அடிப்பக்கத்துத் துவாரம் வழியாகக் கீழே விழும். இந்தப் பிடி ஏற்பாடு மான்லிச்சர் என்ற ஆஸ்திரியருடையது. ஆகவேதான் 'மான்லிச்சர்-கார்கானோ' என்று இரட்டைப் பெயர். மௌசரின் அடிப்பக்கத்தில் இப்படித் துவாரம் இருக்காது. அடையாளம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

அடுத்து, குழலின் அடிப்பாகத்தில் உள்ள பொறிப்பு. டெர்னி, பிரெஷியா, கார்டோனே என்று செய்த ஊரின் பெயர் இருக்கும். அரசாங்க ஆயுதசாலைச் சரக்கானால் கிரீடச் சின்னமும் இருக்கும். வருஷம் இரண்டு விதமாகப் பொறிக்கப்பட்டிருக்கலாம். 1940 என்று சாதாரணமாக ஒன்று. அதோடு ரோமன் எண்ணில் முசோலினி கணக்கு மற்றொன்று. முசோலினி 1922 அக்டோபர் கடைசியில் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அவர் ஒரு புது வருஷக் கணக்கை ஓடவிட்டார். ரோமன் எண்ணில் 18 என்றிருந்தால் 1939 கடைசியோ 1940ஓ ஆகும். சர்வாதிகாரி போனாலும் அவருடைய பஞ்சாங்கம் துப்பாக்கியில் மிச்சம்!

நீளமும் ரகத்தைச் சொல்லும். 1891 மாதிரி நீளத் துப்பாக்கி சுமார் 128 சென்டிமீட்டர். யுத்த காலத்துக் குட்டை ரகம் சுமார் 102. 1938ல் 7.35 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறப் பார்த்து, யுத்தம் வந்ததும் இத்தாலியர் பழைய 6.5க்கே திரும்பிவிட்டனர். அந்த 7.35 ரகத்தில் ஒரு பகுதி பின்லாந்துக்குப் போயிற்று. கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்ற முத்திரை இருந்தால் அது பின்லாந்து ராணுவத்தில் இருந்து வந்தது.

12 டாலர் சரக்கு

இனி விலை. யுத்தத்துக்குப் பிறகு இத்தாலி கழித்துக்கட்டிய இந்தத் துப்பாக்கிகள் அமெரிக்காவில் மலிவாக விலை போயின. 1963ல் சிகாகோவின் கிளைன்ஸ் கடை விளம்பரத்தில் துப்பாக்கி மட்டும் 12 டாலர் 78 சென்ட். தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு ஒன்றரை டாலர் சேர்த்து 21 டாலர் 45 சென்ட் கட்டி, பொய்ப் பெயரில் ஆஸ்வால்டு தருவித்ததுதான் சி2766. கொலைக்குப் பிறகு அதே துப்பாக்கிக்காக ஜான் கிங் என்ற எண்ணெய் வியாபாரி அவன் மனைவியிடம் 10,000 டாலர் முன்பணம் கொடுத்தார். அரசாங்கம் 1965ல் தனிச் சட்டமே போட்டு அதைத் தன்வசமாக்கிக்கொண்டது. இன்று அது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

விலை ஏறியதற்குக் காரணம் துப்பாக்கியின் தரமல்ல, அந்த ஒரு நம்பர். அதே ஆயுதசாலையில் பிறந்த மற்றத் துப்பாக்கிகள் இன்றும் அமெரிக்காவில் சில நூறு டாலர்தான். யுத்த காலத்து ராணுவத் துப்பாக்கிகளில் மலிவான வரிசையில் அவை நிற்கின்றன. நம்பர்கள் ஒத்திருந்தால், மரக்கட்டை பழைய நிறத்தோடு இருந்தால், குழலை யாரும் அறுக்காதிருந்தால் கொஞ்சம் கூடும். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இருக்கிற விலையும் போய்விடும்.

அதெல்லாம் அங்கே. இங்கே லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குச் சந்தை விலை கிடையாது. 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 2019ல் கடுமையாக்கப்பட்ட பிறகு, லைசென்ஸ் இன்றி வைத்திருப்பதற்கே குறைந்தது இரண்டு வருஷம் சிறை. "பழைய பொருள்தானே" என்ற சமாதானமும் எல்லாவற்றுக்கும் செல்லாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே சட்டம் விலக்கு தருகிறது. கார்கானோவைச் சுத்தம் செய்தால் சுடும்.

தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, தங்கள் பெயருக்கு மனுச் செய்யலாம். லைசென்சே இருந்ததில்லை என்றால், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. ஒப்படைக்கும்போது ரசீதில் 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மொட்டையாக எழுதினால் சம்மதிக்கக் கூடாது. செய்த ஊர், வருஷம், குழலின் அளவு, நம்பர் நான்கும் இரும்பில் உள்ளபடியே காகிதத்திலும் ஏற வேண்டும்.