மூலக்கூறு நிற்கும் நேரம்

உயிரணுவுக்குள் நிகழும் காரியங்களை அனிமேஷன் சித்திரங்களாகத் தீட்டிக் காட்டும் கலை நமது காலத்தில் அற்புதமான வளர்ச்சியை அடைந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனத்தார் தயாரித்த படத்தில், பெரியதோர் உருண்டைப் பையைச் சுமந்துகொண்டு, நுண்குழல் என்னும் நீண்ட பாதைமீது இரண்டு கால்களால் நடந்து செல்லும் கைனெசின் என்ற புரதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அந்த அழகில் எனக்கும் மிகுந்த ஈடுபாடு உண்டு. ஆயினும், இத்தகைய சித்திரங்களில் உருவத்துக்கும் வர்ணத்துக்கும் காட்டப்படும் சிரத்தை காலத்துக்குக் காட்டப்படுவது அபூர்வம். மூலக்கூறு எப்போது அசைகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலேதான் அதன் தொழில் ரகசியம் அடங்கியிருக்கிறது.

கைனெசினின் ஓர் அடி 8 நானோமீட்டர். அடி ஒன்றுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. சக்திக்குக் குறைவில்லாதபோது விநாடிக்குச் சுமார் 100 அடி வைக்கிறது. திரைப்படமோ விநாடிக்கு 24 பிரேம் ஓடுவது. உள்ளபடியே காட்டினால் பிரேமுக்கு நான்கு அடிகள் கடந்துபோய், கண்ணுக்கு நடை தெரியாமல் வெறும் வழுக்கல்தான் மிஞ்சும். ஆகவே காலத்தை நூறு மடங்கு நீட்டி, விநாடிக்கு ஓர் அடியாக்குவது நியாயமே. அந்த ஒரு விநாடியை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் கேள்வி. கால் பெயர்ந்து முன்னே விழும் செயல் மெய்யாகவே ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் முடிந்துவிடுகிறது. மற்ற நேரமெல்லாம், ஏ.டி.பி. வந்து சேர்வதற்கும், சேர்ந்தது சிதைவதற்கும், சிதைந்தது கழன்று போவதற்குமாக அது நின்றுகொண்டிருக்கிறது. நூறு மடங்கு நீட்டிய பிறகும் அந்தத் தாவல் ஒரு பிரேமின் கால் பங்குக்குள் அடங்கிவிடும்! விநாடி முழுவதும் நிதானமாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும் கைனெசின் இயற்கையில் இல்லாத ஒரு பிராணி.

தாவல் கண்ணில் படவேண்டுமென்பதற்காக அதற்கு நான்கு பிரேம் கொடுக்கலாம். மீதி இருபதும் நிற்பதற்கே உரியவை. மிருதங்க வித்வான் தீர்மானத்தின் நடுவே விடும் கார்வை எப்படித் தாளத்துக்குள் எண்ணப்பட்ட காலமோ, அப்படியே இந்த நிற்றலும் சித்திரத்துக்குள் எண்ணப்படவேண்டியது; ஆனால் ஏ.டி.பி. வந்து மோதுவது தற்செயலாகையால், ஒரு தடவை நின்ற அளவு மறு தடவை நிற்கலாகாது. இந்த இடைவெளி பார்ப்பவருக்கும் பெரிய உபகாரம். ஏ.டி.பி. முன்காலில் வந்து அமர்வதைக் காட்டி, கண் அங்கே பதியும்வரை பொறுத்து, அதன்பின், காலை உடலோடு இணைக்கும் சிறு கழுத்துப் பட்டை அந்த முன்கால்மேல் படிந்து பின்காலை முன்னே விடுவதைக் காட்டினால், எது காரணம், எது காரியம் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வர்ணனைக் குரலும் அந்தக் கணத்தில் மௌனமாக இருப்பது உத்தமம்.

நிற்பது என்றால் உறைந்துபோவது அல்ல. சுற்றிலுமுள்ள நீர் மூலக்கூறுகள் இடையறாது வந்து மோதுவதால், நிற்கும் புரதமும் நடுங்கிக்கொண்டேயிருக்கும். அதன் தலைமேலுள்ள பையும் ஊசலாடும். படத்தை அப்படியே நிறுத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கத்தைவிட, நடுக்கத்தை ஓடவிட்டுப் பெயரை எழுதுவது எனக்கு உகப்பானது. அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கவேண்டும் என்பது கார்ட்டூன் கலையின் பழைய விதி. அது கனமுள்ள உடல்களுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. நீந்தும் பாக்டீரியம் ஒன்று தன் முயற்சியை நிறுத்தினால், ஒரு ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவுகூட மேலே செல்லாமல் நின்றுவிடும் என்று பௌதிக அறிஞர் எட்வர்ட் பர்செல் 1977-இல் விளக்கினார். பாக்டீரியத்துக்கே அந்தக் கதியென்றால், அதனினும் மிகச் சிறிய கைனெசின் பாரம் தாங்கித் தள்ளாடி அடங்குவதாகக் காட்டுவது பொய்யாகிறது.

நின்று நின்று இயங்குவது கைனெசின் மட்டுமல்ல. ஏ.டி.பி.யை உண்டாக்கும் யந்திரத்தின் தலைப்பகுதிக்குள் அச்சு சுழல்வதை, அந்த அச்சில் ஒளிரும் இழை ஒன்றைப் பிணைத்து, ஜப்பானில் நோஜி முதலியோர் 1997-இல் நுண்ணோக்கி வழியே பிரத்தியட்சமாகக் கண்டார்கள். இந்தச் சோதனையில் யந்திரம் மறுதிசையில், ஏ.டி.பி.யைச் செலவிட்டே சுழன்றது; அந்த ஏ.டி.பி.யை மிக மிகக் குறைத்துப் பார்த்தபோது, அந்த இழை 120 பாகை திரும்பி நின்றது. மறுபடி 120 பாகை திரும்பி நின்றது. ஆயினும் அனிமேஷன்களில் இந்த யந்திரம் பெரும்பாலும் ஒரே சீராகச் சுழல்வதாகவே வரையப்படுகிறது. மூன்று இடங்களில் நிறுத்திவிட்டால், அதன் மூன்று அறைகளிலும் முறைவைத்து நடக்கும் வேலை அத்தனையும் தெரிந்துவிடும்.