"முடியாது, முடியாது" என்று பெயர் பெற்ற நோய்

நோய்களுக்கும் சத்துக்களுக்கும் மருத்துவ உலகம் வைத்துள்ள பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்தோ இலத்தீனிலிருந்தோ பிறந்தவை. ஆனால் உலகெங்கும் மருத்துவ நூல்களில் ஏறிவிட்ட ஒரு நோயின் பெயர், பல்லேபொலவில் நாம் அன்றாடம் கேட்கும் மொழியிலிருந்து வந்தது. 'மட்ட பெரி' என்று அயலவர் சொன்னால் 'என்னால் முடியாது' என்று பொருள் என்பதை நாம் அறிவோம். அச்சொல்லை இரட்டித்ததே 'பெரிபெரி' என்று மருத்துவ அகராதிகள் பல கூறுகின்றன.

இந்நோய் கண்டவரின் கால்கள் மரத்துப்போகும். குந்தினால் எழ முடியாது. சிலருக்கு உடல் வீங்கி இருதயம் தளரும். 1642இல் வெளிவந்த தம் நூலில் ஒல்லாந்து மருத்துவர் பொந்தியஸ், நோயாளி செம்மறியாடு போலத் தள்ளாடி நடப்பதால் இப்பெயர் வந்தது என்று எழுதினார். அது பார்ப்பவரின் விளக்கம். 'முடியாது' என்பதோ நோயாளியின் வாய்ச்சொல்.

ஆலை வந்த பின்

உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் பெருகியதும் தவிடும் முளையும் முற்றாக நீங்கிய வெள்ளை அரிசி மலிவாகக் கிடைத்தது. ஆசியாவின் சிறைகளிலும் படைமுகாம்களிலும் பெரிபெரியால் பலர் மாண்டனர். கிருமியே காரணம் என்று மருத்துவர்கள் தேடினார்கள்.

1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவாவில் பணியாற்றிய எய்க்மன் என்ற மருத்துவர், ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவை இராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோற்றைத் தின்றவை. தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் தேறின. இப்பணிக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலாயாவில் நம்மவர்கள்

அக்காலத்தில் மலாயாவில் சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. அங்கே உழைத்த தமிழரை அது அவ்வளவாக அண்டவில்லை. இரு சாராரும் சோறு உண்டவர்களே. சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதை மருத்துவர் பிரடன் 1907இல் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்ற மருத்துவர் 1905இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். பச்சையரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். மற்றவர்களை நோய் ஏறக்குறைய தொடவேயில்லை.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அதில் கணிசமான பங்கு தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு அச்சத்தின் பெயர் தெரியாது என்றாலும் பயன் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

பெயரிட்ட சகோதரர்கள்

1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய சத்துக்களுக்கு 'விற்றமின்' என்று பெயரிட்டார். உயிருக்கு இன்றியமையாத அமீன் என்பது பொருள். பெரிபெரியைத் தடுக்கும் சத்தை 1936இல் செயற்கையாக உருவாக்கி, அதற்குத் தயமின் என்று பெயரிட்டவர் றொபேர்ட் வில்லியம்ஸ். மிஷனரிப் பெற்றோருக்கு 1886இல் நெல்லூரில் பிறந்தவர் இவர். 1893இல் ஊட்டியில் பிறந்த இவருடைய தம்பி றோஜர், 1941இல் தம் குழுவினருடன் நான்கு தொன் கீரையிலிருந்து இன்னொரு சத்தைப் பிரித்தார். இலத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. எனவே அது ஃபோலிக் அமிலம் ஆனது. அதற்கு முன்பே, 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை மார்மைட்டால் தீர்வதைக் கண்டிருந்தார். மார்மைட்டில் இருந்ததும் இதே சத்துத்தான்.

நமக்கு இதில் என்ன?

சொந்த வயலை விட்டு வந்த குடும்பம் தன் நெல்லைத் தானே அவிப்பதில்லை. கிடைக்கும் அரிசியை உண்கிறது. 1990களின் முற்பகுதியில் நேபாள முகாம்களில் இருந்த பூட்டான் அகதிகளிடையே பெரிபெரி தோன்றியது இப்படித்தான். அவர்களுடைய பங்கீடு வெள்ளை அரிசியையே நம்பியிருந்தது. ஆகவே:

1. தெரிவு செய்ய இடமிருந்தால் புழுங்கலரிசியையோ தவிடு அதிகம் நீக்காத சிவப்பரிசியையோ வாங்குங்கள். நிவாரணம் வழங்குவோரிடமும் அதையே கேளுங்கள்.

2. அரிசியைப் பலமுறை கழுவ வேண்டாம். கஞ்சியை வடித்தால் கொட்டாமல் குடியுங்கள்.

3. பயறு, கௌபி, உளுந்து, எள், நிலக்கடலை ஆகியவற்றில் தயமின் உண்டு. வீட்டோரத்தில் ஒரு பாத்தியாவது போடுங்கள். கீரையை அதிகம் வேகவைக்காமல் மல்லும் செய்யுங்கள்.

4. சாப்பாட்டோடு கடும் சாயத் தேநீர் வேண்டாம். கசிப்பு தயமினை உடலில் சேரவிடாது. சோற்றையும் மறக்கச் செய்யும்.

5. கால் மரத்தல், வீக்கம், எழ முடியாமை கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பால்குடிக் குழந்தை வாந்தி எடுத்து, சத்தமின்றி அழுதால் அன்றே கொண்டுபோங்கள். தாயிடம் சத்துக் குறைந்தால் பாலிலும் குறையும்.

6. கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் எடுங்கள்.

முற்றத்தில் யாராவது 'முடியவில்லை' என்று குந்திவிட்டால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அவர் கோப்பையில் எந்த அரிசிச் சோறு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.