ஈதர்நெட் வழியே சேமிப்பு

ஒரே கணினியிற் பல மெய்நிகர்க் கணினிகள் குடியிருக்கும் காலமிது. அக்கணினி பழுதுற்றால் அவற்றின் கதி யாது? வட்டுக்களும் அதனுள்ளேயே இருப்பின் எல்லாம் ஒருங்கே முடங்கும். ஆதலின் தரவு நிலையங்களில் வட்டுக்களைப் புறத்தே பொதுச் சேமிப்பகமொன்றில் வைத்து வலையால் இணைப்பர். வேறொரு கணினி அங்கிருந்தே அவற்றை எடுத்து இயக்கும்.

இதற்கு முன்னர்ப் பெரும்பாலும் ஃபைபர் சானல் என்னும் தனி வலையையே நாடினர். 1973இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வகத்தில் மெற்காவ், பொக்ஸ் என்போர் ஆக்கிய ஈதர்நெட்டோ, தொடக்கத்திற் செக்கனுக்கு 2.94 மெகாபிற்றே சுமந்தது. நெரிசல் மிக்கால் பொதிகளைக் கைவிடுவதும் அதன் இயல்பு. சேமிப்புக்கு இது பெருங்குறையன்றோ? 2004இல் வெளியான ஐஸ்கசி நெறி, இழந்த பொதியை மீள அனுப்பும் டீ.சி.பி.யின் துணைகொண்டு அக்குறையை ஈடுசெய்தது. வேகமும் 2002இல் 10 கிகாபிற்று, 2010இல் 100, 2017இல் 400 எனப் பெருகிற்று. எனினும் மீள அனுப்புதல் தாமதம் தரும். சேமிப்புக்கெனத் தனிப்பாதை ஒதுக்குதலே நன்றென்பது எம் கருத்து. அப்பாதையும், வெவ்வேறு ஆளிகளினூடாக, இரண்டாதல் வேண்டும்.