தையல் பிரித்த பின்னும் விடுப்பு ஏன்?

ஒருவர் தம்முள் உணரும் பாலினத்துக்கு ஏற்ப உடலை அமைக்கும் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்குப் பின், தையல் பிரித்ததும் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று போடும் கணக்கு பெரும்பாலும் தவறிவிடுகிறது. ஏனெனில் தோல் மூடிக்கொள்வது வேறு, காயம் வலுப்பெறுவது வேறு. திசுக்களைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் முதலில் மெல்லிய இழைகளாகப் படிந்து, பிறகே தடித்த இழைகளாக மாறுவதால், 3 வாரக் காயத்துக்கு இயல்பான தோலின் வலுவில் ஏறத்தாழ 20 விழுக்காடே இருக்கும். 3 மாதங்களுக்குப் பின்னும் அது 80 விழுக்காட்டளவிலேயே நின்றுவிடும். ஆகவே மார்பகத் திசுவை அகற்றிக்கொண்ட திருநம்பி ஓரிரு வாரங்களில் மேசைப் பணிக்குத் திரும்பினாலும், பேருந்தின் மேற்கம்பியைப் பற்றித் தொங்குவதையும் தண்ணீர்க் குடம் தூக்குவதையும் மேலும் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். கை உயரும்போது தழும்பு இழுபட்டு அகன்றுவிடும்.

யோனி அமைத்துக்கொண்ட திருநங்கையின் நிலை இன்னும் கடினமானது. உட்காரும்போது உடலின் எடை காயத்தை அழுத்துகிறது. அதோடு, புதிய பாதை சுருங்காதிருக்க விரிப்பான் என்னும் வழவழப்பான கோலைத் தொடக்க மாதங்களில் நாள்தோறும் பலமுறை உட்செலுத்தி வைத்திருக்க வேண்டியிருப்பதால், தாழிட்ட அறையும் அவசரமற்ற நேரமும் தேவைப்படுகின்றன. எனவே மேசைப் பணியாளரும் 6 முதல் 8 வாரம் வரை விடுப்புக் கேட்பதே தகும்; சுமை தூக்குவோருக்கு அதுவும் போதாது.