அகர்தலாவில் நம் ரயில் போய்ச் சேர்ந்த கதை

டில்லியில் இருக்கும் தமிழரிடம், "ரஞ்சிக் கோப்பையில் உங்கள் அணி எது?" என்று கேட்டால், தயங்காமல் "தமிழ்நாடு" என்பார். எனக்கு மட்டும் பதில் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். பிறந்த மண் ஒரு பக்கம் இழுக்கிறது. மாதாமாதம் படியளக்கும் ரயில்வே மறு பக்கம் இழுக்கிறது. பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாள் முதல் நான் ரயில்வே கட்சி.

ரயில்வே அணி ஒரு விசித்திரமான அணி. ராணுவத்தாரின் சர்வீசஸ் அணியை விட்டால், ரஞ்சியில் ஆடும் மற்றவர்களுக்கெல்லாம் ஒரு பிரதேசமோ நகரமோ உண்டு. இதற்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. புது டில்லி ஸ்டேஷனுக்கு அருகே உள்ள கர்னைல் சிங் மைதானம்தான் இருப்பிடம். ஆடுகிறவர்கள் ரயில்வே ஊழியர்கள். எந்த மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம். சென்னையில் பிறந்த முரளி கார்த்திக் இந்த அணியில் ஆடித்தான் இந்திய அணிக்குப் போனார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மித்தாலி ராஜும் ரயில்வே அணியில் ஆடியவர்தான். பெண்கள் கிரிக்கெட்டில் ரயில்வேதான் பல்லாண்டுகளாக ராஜ்யம் நடத்தி வந்திருக்கிறது. ஆண்கள் கதை அப்படியல்ல. 1958-59 முதல் ரஞ்சியில் ஆடி, கோப்பையை வென்றது இரண்டே முறை: 2001-02, 2004-05.

எங்கள் ஆபீசில் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் பழுத்த தமிழ்நாட்டு ரசிகர். 1987-88 பருவத்து இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடும் ரயில்வேயும் சேப்பாக்கத்தில் மோதியபோது இவர் வாலிபர். வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு 709 ரன் குவித்து, ஓர் இன்னிங்ஸும் 144 ரன்களும் வித்தியாசத்தில் ஜெயித்தது. 1954-55க்குப் பிறகு அன்றுதான் கோப்பை மறுபடி சென்னைக்கு வந்தது. இந்தக் கதையை அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் சொல்வார். நான் பிறப்பதற்கு முன் நடந்த தோல்விக்கு நான்தான் பொறுப்பு என்பது போல!

2024 ஜனவரியில் அவருக்குப் புதிய விருந்து கிடைத்தது. கோவையில் ரயில்வேயைத் தமிழ்நாடு மறுபடி இன்னிங்ஸ் தோல்விக்கு ஆளாக்கியது. ஜெகதீசன் ஒருவரே ஆட்டமிழக்காமல் 245. ரயில்வே இரண்டு இன்னிங்ஸிலும் எடுத்தது 246, 114.

"என்னடே தம்பி, வண்டி கோயம்புத்தூர்லயே தடம் புரண்டுட்டா?" என்றார் அண்ணாச்சி.

நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம், பிப்ரவரி 16ஆம் தேதி, லீக் சுற்றின் கடைசி ஆட்டம் அகர்தலாவில் திரிபுராவுடன் தொடங்கியது. அந்தப் பருவத்தில் திரிபுராவின் காப்டன் விருத்திமான் சாஹா. திரிபுராவை 149 ரன்னுக்குச் சுருட்டியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதிலுக்கு நம்மவர்கள் எடுத்தது 105! இதை மறைப்பதில் பயனில்லை. பின்னால் நடந்ததெல்லாம் இந்த 105க்குச் செய்த பிராயச்சித்தம்தான். இரண்டாவது இன்னிங்ஸில் திரிபுரா 333 அடித்துவிட, ரயில்வே ஜெயிக்க 378 ரன் வேண்டும் என்றாகிவிட்டது. ரஞ்சி வரலாற்றில் நாலாவது இன்னிங்ஸில் அவ்வளவு எடுத்து அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. 2019 ஜனவரியில் லக்னோவில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராகச் சௌராஷ்டிரா எடுத்த 372 தான் உச்சம்.

டெலிவிஷன், மைதானம் எதுவும் எனக்கு இல்லை. கைப்பேசியில் ஓடும் எண்கள் மட்டுமே. 31 ரன்னுக்கு 3 விக்கெட் என்று கண்டதும் அதை மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன். இன்னும் 347 ரன் வேண்டும். அண்ணாச்சி எதிர் மேஜையில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி டிராயரைத் திறந்தபோது அதே இரண்டு பெயர்கள் நின்றுகொண்டிருந்தன. துவக்க ஆட்டக்காரர் பிரதம் சிங்; அவருடன் முகமது சைஃப். அடுத்த முறை பார்த்தபோதும் அதே இருவர். ஆயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் சிக்ஸரைவிட, அசையாத இரண்டு பெயர்களில் எனக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. இருவரும் நாலாவது விக்கெட்டுக்கு 175 ரன் சேர்த்தார்கள். சைஃப் 106 எடுத்து வெளியேறினார். பிரதம் அசையவில்லை. வந்தவர்களை ஒரு பக்கம் நிறுத்தி வைத்துக்கொண்டு மேலே மேலே போனார்.

19ஆம் தேதி, திங்கட்கிழமை, 5 விக்கெட் இழப்புக்கு 378. பிரதம் சிங் ஆட்டமிழக்காமல் 169. புதிய சாதனை.

பார்சல் ரசீதில் போட வேண்டிய ரப்பர் ஸ்டாம்பை நான் மேஜை மீதே ஓங்கிக் குத்திவிட்டேன். கவுண்டரில் நின்ற வியாபாரி மிரண்டு போனார்.

அண்ணாச்சி அசரவில்லை. "சரி, ஜெயிச்சாச்சு. கால் இறுதிக்குப் போறியளா?" என்றார். அதுதான் இல்லை. எங்கள் பிரிவிலிருந்து போனவை தமிழ்நாடும் கர்நாடகமும். "பொறவு எதுக்குடே இவ்வளவு பாடு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் மெட்ரோவில் நின்றபடி யோசித்தேன். அந்தப் பையன்களுக்கு அன்று கோப்பை இல்லை, அடுத்த சுற்று இல்லை. கையெழுத்துக்குக் கூட்டம் மொய்க்கும் ஆட்டமும் அல்ல. 31க்கு 3 என்ற நிலையில் பெட்டியைக் கட்டியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க இந்த அணிக்கு ஒரு ஊர் கூட இல்லையே! அப்படியும் கடைசி ரன் வரை நின்றார்கள். ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து, மேலதிகாரி பார்க்கிறாரா இல்லையா என்று எண்ணாமல் கணக்கை நேர் செய்துவிட்டு விளக்கை அணைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் எங்கள் அண்ணாச்சியே.

பிரதம் சிங்குக்கு ஒரு பலன் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அனந்தபூரில் நடந்த துலீப் கோப்பை ஆட்டத்தில், இந்தியா 'ஏ' அணிக்காக ஆடி 122 எடுத்தார்.

தமிழ்நாடு அரை இறுதி வரை போயிற்று. மார்ச் 2ஆம் தேதி மும்பையில் ஆட்டம் தொடங்கியது. முதல் இன்னிங்ஸில் தமிழ்நாடு 146. மும்பை பதிலுக்கு எத்தனை எடுத்தது தெரியுமா? சொல்லி வைத்தாற்போல் அதே 378! திங்கட்கிழமை, மூன்றாம் நாளே, இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் எல்லாம் முடிந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பதுபோல் சட்டை நுனியால் துடைத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரே ஆரம்பித்தார்:

"உங்க நம்பரு எங்க தலையில வந்து விடிஞ்சுட்டே தம்பி. சரி, வா. டீ குடிச்சுட்டு வருவோம். காசு நீதான் கொடுக்கணும்."