எங்கள் வீட்டு டீச்சரும் மாண்டிசோரி அம்மையாரும்



இப்போதெல்லாம் சின்ன ஊர்களில்கூட தெருவுக்கு ஒரு 'மாண்டிசோரி' பள்ளி வந்துவிட்டது. பெயர்ப் பலகையில் முயல்குட்டியும் ஆப்பிளும் வரைந்திருக்கும். மாண்டிசோரி என்பது ஏதோ வெளிநாட்டு ஊர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது ஒரு பெண்மணியின் பெயர். அதுவும் நம் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் வருடக்கணக்கில் குடியிருந்த பெண்மணியின் பெயர்!

என் மூத்த மதினியின் மகள் சென்னையில் மாண்டிசோரி ஆசிரியைப் பயிற்சி படிக்கிறாள். லீவுக்கு வரும்போது அவள் சொல்லிக் கேட்டதும், அவள் கொண்டுவந்த புத்தகங்களில் படித்ததும்தான் நான் எழுதப் போவது. எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் 1896-ல் ரோம் நகரில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1907 ஜனவரியில் ரோமில் ஏழைகள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டிலும் சந்திலும் சுற்றித் திரிந்த பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். அந்தப் பள்ளியைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் 1934-ல் இத்தாலியை விட்டார். ஸ்பெயினுக்குப் போனார், அங்கே 1936-ல் உள்நாட்டுப் போர். கடைசியில் ஹாலந்தில் போய்த் தங்கினார். நம் காந்தியடிகள் 1931-ல் லண்டன் போயிருந்தபோது இவரைச் சந்தித்து, இவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் முன்னால் பேசியிருக்கிறார்.

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மணி தேவியும் (கலாக்ஷேத்ரா தொடங்கியவரேதான்) அழைத்ததன் பேரில் 1939 நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் விமானத்தில் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69! நம் வீடுகளில் அந்த வயதில் ஒரு பாட்டி டவுன் பஸ்ஸில் தனியாக ஏறினாலே, "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நாலு பேர் கேட்போம்.

சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறார். அடையாறில் தென்னை ஓலை, பனை ஓலைக் குடிசைகளில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மையாருக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. அவர் ஒரு வாக்கியத்தை இத்தாலிய மொழியில் சொல்வார். பக்கத்தில் நிற்கும் மகன் மாரியோ அதை இங்கிலீஷில் சொல்வார். கேட்கிறவர்களில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ், இன்னொருவருக்குக் குஜராத்தி, அடுத்தவருக்குச் சிங்களம். இப்படி மூன்று மொழி தாண்டிப் பாடம் போயிருக்கிறது.

இந்தப் பயிற்சியில் ஆசிரியைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா? பேசாமல் இருப்பது! மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். உதவிக்குப் போகக் கூடாது, திருத்தக் கூடாது. "ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம உக்காரணும் அத்தை. மொத வாரம் எனக்குத் தலைவலியே வந்துட்டு" என்றாள் எங்கள் வீட்டு டீச்சர். "இது என்னட்டி, கோமதியம்மன் தபசு மாதிரில்லா இருக்கு!" என்று என் மாமியார் சிரித்தார்கள்.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோஸ் நிறத்தில் பத்து மரக்கட்டைகள். மிகச் சின்னது ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். குழந்தை அதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறது. வரிசை தப்பினால் அடுக்கும்போதே அதன் கண்ணுக்குத் தெரிந்துவிடும், டீச்சர் அதட்டத் தேவையில்லை. அட்டையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். 'அ' என்ற எழுத்தின் மேல் குழந்தை விரலை ஓட்டி ஓட்டிப் பழகிய பிறகுதான் பென்சில். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுத வைத்தார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இதைச் சொன்னதும் அவள் இன்னொரு விஷயம் சொன்னாள். 1787-ல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் அனாதைச் சிறுவர்களின் பள்ளியைக் கவனித்து வந்தாராம். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துவிட்டு, இங்கிலாந்து திரும்பி 1797-ல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அங்கே எத்தனையோ பள்ளிகளில் அது நடந்திருக்கிறது. நமக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் நம்மிடம் படித்துக்கொண்டு போயிருக்கிறார் பாருங்கள்!

வீட்டிலும் நான் இதில் கொஞ்சம் செய்து பார்த்தேன். சாமான் எல்லாம் விலை அதிகம், நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் சின்ன சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, மொச்சையையும் தட்டாம்பயறையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வது, துண்டு மடிப்பது, பழைய சட்டையில் பட்டன் போட்டுப் பழகுவது இதெல்லாம் அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. என் இளையவனுக்கு நாலு வயது. தண்ணீரைச் சிந்தினால் திட்டாமல் ஒரு துணியைக் கையில் கொடுத்தால் போதும், துடைப்பதற்காகவே இன்னொரு தடவை சிந்துகிறான். (அது வேறு கதை.)

அம்மையார் கதைக்கு வருகிறேன். 1940 ஜூன் 10-ந் தேதி இத்தாலி போரில் இறங்கியது. இங்கே நடந்தது வெள்ளைக்காரர் ஆட்சி. இத்தாலிக்காரர் எல்லோரும் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமதுநகர் முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு சபை வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், மொழி தெரியாத ஊர், பக்கத்தில் இருந்த ஒரே மகனும் இல்லை. அந்த மகனைப் பற்றியும் ஒரு வருத்தமான செய்தி உண்டு. 1898-ல் கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை. ஊர் பேச்சுக்குப் பயந்து வேறு குடும்பத்தில் வளர்த்தார்கள். பெரியவனாகி அம்மாவோடு வந்து சேர்ந்த பிறகும் வெளியில் மகன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்திருக்கிறார். 1940 ஆகஸ்ட் 31, அம்மையாரின் 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. உங்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தோம், உங்கள் மகனையே திருப்பிக் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அத்தனை வருடம் வாயில் சொல்ல முடியாமல் இருந்த 'மகன்' என்ற சொல்லை ஒரு சர்க்கார் தந்தியே சொல்லிவிட்டது. இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. மாரியோவின் நான்கு பிள்ளைகளும் ஹாலந்தில் தெரிந்தவர்கள் பாதுகாப்பில். பேரன் பேத்திகளைப் பார்க்காமலே ஏழு வருடம் ஓடியது. அம்மையார் சும்மா உட்கார்ந்து அழவில்லை. 1942-லிருந்து 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். அங்கே ஒரு சின்ன பள்ளி நடந்தது. சின்னதும் பெரியதுமாகப் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தார்கள். மலை, மரம், பூச்சி, செடி என்று பிள்ளைகளோடு சுற்றியதில்தான், ஒரு செடியைக் காட்டினால் அதோடு மண், மழை, வண்டு, மனிதர் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அவருக்கு உருவாகியிருக்கிறது. கைக்குழந்தைகளைப் பற்றி அவர் அதிகம் யோசித்ததும் இங்கே இருந்த காலத்தில்தானாம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற நம் தாய்மார்களை வேறு யார் அப்படிக் கவனித்தார்கள்? இங்கே செய்த சொற்பொழிவுகள்தான் 1949-ல் அடையாறிலேயே புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் போனது.

கொடைக்கானலில் அவரோடு வேலை செய்தவர்களில் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே என்ற பெண்ணும் ஒருவர். பயிற்சிக்காகக் கடல் தாண்டி வந்தவர், பிற்காலத்தில் அமெரிக்காவுக்கே போய் அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். அம்மையாரும் 1944-ல் இலங்கைக்குப் போய்ப் பயிற்சி நடத்தியிருக்கிறார். இன்றைக்கும் அங்கே சின்னப் பிள்ளைகள் பள்ளியைப் பொதுவாக 'மாண்டிசோரி' என்றுதான் சொல்வார்களாம். அம்மையார் 1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் காலமானார்.

இப்போது அந்த இன்னொரு காரணம். எங்கள் வீட்டு டீச்சருக்குக் கொழும்பில் ஒரு பள்ளியில் மூன்று மாதம் பயிற்சி ஆசிரியையாக இருக்க வாய்ப்பு வந்திருக்கிறது. ஜனவரியில் போய் மார்ச் கடைசியில் திரும்ப வேண்டும். சம்பளம் கிடையாது, தங்குவதற்கு இடமும் சாப்பாடும் உண்டு. வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. கோவில்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, தை மாதமே முடித்துவிடலாம் என்கிறார்கள். மதினிக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் பயம். என் மாமியார்தான் கடுமையாக எதிர்த்தார்கள். "வயசுப் பிள்ளைய கடல் தாண்டி அனுப்புதியளே, ஊரு என்ன சொல்லும்?"

"ஆச்சி, ஒங்க அப்பா கொழும்புலதான கட வச்சிருந்தாவ?" என்று கேட்டாள் பேத்தி. உண்மைதான். மாமியாரின் அப்பா தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் இறங்கிப் போனவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றது. "அவிய ஆம்பள" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் போனால்தான் சென்னை. சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. தூரம் ஒரு காரணமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போக யோசித்தவள், இன்று அதே ரயிலில் தனியாக வந்து போகிறாள். முப்பது பிள்ளைகள் கத்தினாலும் குரலை உயர்த்தாமல் நிற்கிறாள். அங்கே போனால் தமிழ்ப் பிள்ளைகள் 'பேசுறது' என்று சொல்லாமல் 'கதைக்கிறது' என்பார்கள். சிங்களப் பிள்ளைகளிடம் கையும் கண்ணும்தான் மொழி. இதெல்லாம் இங்கே உட்கார்ந்து படித்து வருமா? மூன்று மாதம் காத்திருக்க முடியாத சம்பந்தம், பிறகு அவள் வேலைக்குப் போகிறேன் என்றால் மட்டும் விட்டுவிடுமா?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் கூடாது. பயிற்சி என்ற பெயரில் ஆயா வேலை வாங்குகிற இடங்கள் நம் ஊரிலேயே உண்டு. மதினியும் நானும் உட்கார்ந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். தங்கும் இடத்தில் பொறுப்பாளர் பெண்ணா? யாரோடு அறை? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க யார் இருப்பார்கள்? உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்? பயிற்சிக்கு ஏற்ற விசாவா, இல்லை சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்களா? சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் வேலை செய்து மாட்டிக்கொண்டால் அவஸ்தை நம் பிள்ளைக்குத்தான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுத்தில் கேட்கவும் சொன்னேன். வேலைக்கென்று ஏஜெண்ட் மூலம் வெளிநாடு போகிறவர்கள், அந்த ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று அவசியம் பார்க்க வேண்டும். எங்கள் விஷயத்தில் ஏஜெண்ட் யாரும் இல்லை, பயிற்சி நிலையமே ஏற்பாடு செய்கிறது.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. விசா பற்றிய கடிதம் மட்டும் பாக்கி. அது கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் போடுவது என்று மதினியின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கோவில்பட்டிக்காரர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் நேற்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவள் பெட்டிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொழும்பில் பிள்ளைகளைப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பியிருக்கும் வாசகியர், அங்கே ஜனவரியில் மழை உண்டா, என்ன துணிமணி தேவைப்படும், கையில் எவ்வளவு பணம் கொடுத்துவிடலாம் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு குடும்பத் தலைவி, சங்கரன்கோவில்.