வீட்டு மனை விளம்பரம்... வீட்டிலிருந்தே வருமானம்!

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், 'இனிய காலை வணக்கம்' படங்களுக்கு நடுவே ஒரு மனை விளம்பரமாவது வந்து நிற்கிறது. மேலே பிள்ளையார், கீழே சிரிக்கும் வெளிநாட்டுக் குடும்பம், ஓரத்தில் புரோக்கரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஏழெட்டு வண்ணங்களில் எழுத்து, மூன்று போன் நம்பர். எல்லாம் இருக்கிறது. மனை எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் இல்லை!

சிரித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். டிசைன் தெரிந்தவர்களுக்கு அங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டவர்கள், கல்லூரி மாணவர்கள், டி.டி.பி. சென்டரில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் என யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால், டிசைன் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. அதை விற்கவும் தெரிய வேண்டும்.

முதல் ஆர்டர் எப்படி?

"சார், நான் டிசைனர். ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று போய் நின்றால், "நம்ம பையனே மொபைல்ல போட்டுத் தர்றாம்மா" என்ற பதில்தான் வரும். அவர் சொல்வதும் நியாயம்தான். அவருக்கு வேண்டியது அழகான படம் அல்ல. வாங்கும் எண்ணம் உள்ளவரிடமிருந்து ஒரு போன்.

அதனால், பேச்சை இப்படித் தொடங்குங்கள்: "இந்த விளம்பரத்தைப் பார்த்துட்டு போன் பண்றவங்க முதல்ல என்ன சார் கேக்கறாங்க?" எந்த ஊர், என்ன விலை, அப்ரூவல் இருக்கிறதா... பெரும்பாலும் இந்த மூன்றுதான் பதிலாக வரும். அவருடைய பழைய விளம்பரத்தையே, அந்த மூன்றும் பளிச்சென்று தெரியும்படி மாற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "சும்மா விசாரிக்கிற போன் குறையும் சார்" என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும்.

வாய்ப்பு கேட்கப் போவதற்கு ஆடி மாதம் நல்ல நேரம். பலர் ஆடியில் பத்திரப்பதிவைத் தள்ளிப்போடுவதால் புரோக்கர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். ஆவணிக்கான விளம்பரங்களை அப்போதே தயார் செய்துவிடலாம். மார்கழியில் கேட்டு, தை மாதத்துக்கு முடித்துக் கொடுக்கலாம்.

படத்தில் என்ன இருக்க வேண்டும்?

'பிளாட் விற்பனைக்கு' என்று போட்டால் அது அடுக்குமாடி வீடா, காலி மனையா என்று குழப்பம் வரும். 'வீட்டு மனை', 'அடுக்குமாடி வீடு' என்று தெளிவாக எழுதுங்கள். அளவையும் அந்த ஊர் வழக்கப்படி சொல்லுங்கள். சென்னைக்காரர் கிரவுண்டில் கணக்குப் போடுவார்; கோவை, மதுரைப் பக்கம் சென்ட்டில் கேட்பார்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எப்படி எழுதினாலும் சதுர அடியையும் சேர்த்தே போடுங்கள். மனை எந்தத் திசை பார்த்தது, முன்னால் இருக்கும் ரோடு எத்தனை அடி என்பதையும் விடாதீர்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080 x 1920 பிக்ஸல், இன்ஸ்டாகிராமுக்கு 1080 x 1080 என இரண்டு அளவுகளில் கொடுங்கள். முடித்த படத்தை போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள். கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். அதற்கு உரிமையாளர் இருப்பார். இடத்துக்கே போய், காலை வெளிச்சத்தில் மொபைலைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்தாலே போதும்.

எவ்வளவு கேட்கலாம்?

ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, மணிக்கு 200 ரூபாயாவது வேண்டும் என்றால், 600 ரூபாய்க்குக் கீழே இறங்காதீர்கள். "இவ்வளவா?" என்று புரோக்கர் கேட்டால், 30 லட்ச ரூபாய் மனையில் ஒரு சதவிகிதக் கமிஷன் என்றாலே அவருக்கு 30,000 ரூபாய் என்பதைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். தனித்தனிப் படங்களைவிட, மாதத்துக்கு இத்தனை படம் என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பாதித் தொகை முன்பணம், திருத்தம் இரண்டு முறை மட்டும் இலவசம். இதை வாயால் சொன்னால் மறந்துபோகும், மெசேஜாக அனுப்பிவிடுங்கள். 'மனை வித்ததும் தர்றேன்' என்ற பேச்சுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மனை விற்பது உங்கள் கையில் இல்லை.

'5 நிமிட தூரம்' என்று போடச் சொன்னால்?

இந்தத் தொழிலில் தர்மசங்கடமான இடம் இதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு இருபது நிமிடம் ஆகும் இடத்தை 'ஐந்து நிமிடம்' என்று போடச் சொல்வார்கள். வராத பாலத்தை வந்ததாகக் காட்டச் சொல்வார்கள். மறுத்தால் ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கும்.

அங்கே சட்டத்தைத் துணைக்கு அழையுங்கள். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் புதிய லே-அவுட்டையோ, எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்குமாடித் திட்டத்தையோ ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. அந்த விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அத்தகைய திட்டங்களை விற்றுத்தரும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டால், புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும்.

"இப்படிப் போட்டா நாளைக்கு உங்களுக்குத்தான் சார் பிரச்னை. பஸ் ஸ்டாண்டுக்கு 6 கிலோமீட்டர்னே போடுவோம். லொகேஷன் லிங்க்கும் கொடுத்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நீண்டகாலம் தொழில் செய்ய நினைப்பவர் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவரின் ஆர்டர் போனால் போகட்டும். எந்தத் திட்டமானாலும் பதிவு எண்ணை வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே ஒருமுறை சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நீங்கள் செய்த படம் பத்து குரூப்பைச் சுற்றிவிட்டு, ஒருநாள் உங்கள் குடும்ப குரூப்புக்கே வந்து சேரும். "அக்கா, இந்த இடம் நல்லா இருக்கே... நகையை வெச்சாவது வாங்கிடலாமா?" என்று தங்கை கேட்பாள். "தைரியமா போய்ப் பாரு, அதுல போட்டிருக்கறது எல்லாம் உண்மை" என்று அப்போது உங்களால் சொல்ல முடிய வேண்டும்.